அது வயிற்றுவலி இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. படித்தால் சிலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும்.

சின்ன வயதில் யாராவது தற்கொலை செய்துகொண்டால் பேப்பரில் காரணம் எப்படிப் போடுவார்கள்? தீராத வயிற்றுவலி. எத்தனை வருடமாகப் படிக்கிறோம்! அதே வயிற்றுவலியை விடுப்புக் கடிதத்திலும் நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வாரம் வரவில்லை. "வயித்துவலி சார், ஆஸ்பத்திரில சேத்திருந்தோம்" என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தவளிடம், "காலாண்டுப் பரீட்சை போச்சே, எப்பம்மா படிக்கப்போறே?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

சாகத் துணிந்து பிழைத்து வந்த பிள்ளை அவள். பல வருடம் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். "வீட்லயும் யாரும் கேக்கல, ஸ்கூல்லயும் யாரும் கேக்கல சார். அதே நெனப்போடதான் வந்து போயிட்டு இருந்தேன்" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

மனச்சோர்வு நோய் உள்ள பிள்ளைகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்க்கும் டாக்டர் கட்டாயம் கேட்கும் கேள்வி, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா என்பது. நாம் பூசி மெழுகுவதும் அதைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். நாமோ அப்போது பக்கத்து வீட்டுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

"மார்க் குறைஞ்சதால" என்பது இன்னொரு சாக்கு. ஒரே காரணத்தால் இது நடப்பதில்லை. தூக்கமில்லாத இரவுகள், இனி எதுவும் சரியாகாது என்ற எண்ணம், வீட்டில் அடி, வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை, கேலி, குடிப்பழக்கம், குடும்பத்தில் முன்பு நடந்த இப்படியொரு மரணம் எனப் பல சேர்ந்து அழுத்தும்போது மார்க் கடைசியில் வந்து விழுகிறது. (அதற்காக மார்க்கை வைத்து வதைக்கலாம் என்று அர்த்தமில்லை. மாநில ரேங்க் பட்டியலை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் நிற்கவில்லை.)

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்களா? 2017-ல் வந்த மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. கல்யாணம் ஆகாதே என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: பிள்ளை இருந்தால்தானே கல்யாணம்?

கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்பதும் தப்பு. "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் நினைப்பு வராது, பாரம்தான் குறையும். "சும்மா மிரட்டுறான்" என்று தள்ளாதீர்கள். முகம் தெளிந்துவிட்டதென்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களிலும் பக்கத்திலேயே இருங்கள். மாத்திரை டப்பா பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104-ம் உண்டு. என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்க மாட்டேன்.