கேனில் மீதி என்ன இருக்கிறது?

தோழர்களே,

கொழுந்து நிறுக்கும்போது எங்கள் ஒவ்வொருவரின் நிறையும் எல்லோர் காதிலும் விழச் சொல்லப்படுகிறது. எங்களுக்கு இரகசியம் கிடையாது. புல்லுக்கு அடிக்கும் மருந்துக்கோ உண்டு.

2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள்; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். சண்டையெல்லாம் அந்த ஒரு பெயரைச் சுற்றித்தான். லேபலில் லீற்றருக்கு 360 கிராம் கிளைபோசேட் என்றிருந்தால், மீதி என்ன?

மீனைப் புளி போட்டுக் கழுவுகிறோமே, அதுதான் இங்கும் கணக்கு. அமோனியாவில் நைதரசனோடு மூன்று ஐதரசன் இருக்கும். ஒன்றாவது விலகி அந்த இடத்துக்குக் காபன் தொகுதி வந்தால் அது அமீன். மீன் வாடையும் ஓர் அமீன்தான். புளியின் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிட்டால் ஆவியாகாது, வாடை அடங்கும். கிளைபோசேட் அமிலம், தனியே தண்ணீரில் சரியாகக் கரையாது. ஐசோபுரோப்பைல் அமீனோடு சேர்த்து உப்பாக்கினால் நன்றாகக் கரையும். இதை லேபலிலேயே போடுகிறார்கள்.

மறைப்பது அடுத்ததை. இலையின் மெழுகில் மருந்து வழியாமல் பரவுவதற்குச் சவர்க்காரம் போல ஒன்று வேண்டும். மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்யும் ஓர் அமீன் வகையை இதற்கு நெடுங்காலம் கலந்தார்கள். மீனுக்கும் தவளைக்கும் அது கிளைபோசேட்டை விடக் கொடியது என்று ஆய்வுகள் காட்டின. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட் மருந்துகளில் அதைத் தடை செய்தது. எங்கள் பீலிக்கு மேலே அடிக்கும் மருந்தில் அது இருக்கிறதா? கேட்டால் கம்பனி இரகசியமாம்.

அண்மையில் ஒரு தோட்டத்தில் தோழர் ஒருவரின் கண்ணில் மருந்து தெறித்தது. அதில் என்னென்ன இருக்கிறது என்று டிஸ்பென்சரியில் கேட்டபோது, கேனைக் கொண்டுபோனவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடாத தகவலைப் பாதுகாக்கிறது. இருக்கட்டும். அது போட்டிக் கம்பனி களவெடுக்காமலிருக்க வந்த பாதுகாப்பு. முதுகில் டாங்கியைச் சுமப்பவர் யாருக்குப் போட்டி? மருந்து கம்பனிகள் அரசிடம் கொடுக்கும் பரிசோதனைத் தரவுகளைக் காக்கச் சொல்லும் உலக வர்த்தக அமைப்பின் 39ஆம் உறுப்புரையே, பொதுமக்களைக் காக்கத் தேவையானால் வெளியிடலாம் என்று விலக்கு வைத்திருக்கிறது. முதலாளிகளின் நாடான அமெரிக்காவிலும், தொழிலிட இரசாயனம் பற்றிய விதிப்படி, அவசர சிகிச்சை என்றால் வைத்தியருக்கு இரகசியப் பொருளின் பெயரை உடனே சொல்லியாக வேண்டும். மற்ற வேளைகளில் தொழிலாளரின் பிரதிநிதியும் எழுதிக் கேட்கலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது: முழுச் சேர்மானமும் தோட்ட வைத்தியரின் கையிலும் சங்கத்தின் கையிலும் இருக்க வேண்டும். பிறருக்குச் சொல்லமாட்டோம் என்று கையெழுத்து வேண்டுமென்றால் போட்டுத் தருகிறோம். கிளைத் தலைவர்கள் இம்மாதமே துரையிடம் எழுத்தில் கேட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்கி, சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.