சும்மா போறம்

சைக்கிளில் ஊர் சுற்றுவது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற நினைப்பு எங்கட ஊர்களில் ஊறிப்போய்க் கிடக்கிறது. பாசிக்குடாவில் தங்கியிருக்கும் ஒருவர் ஹெல்மெட் போட்டு, பின்னால் இரண்டு பையைத் தொங்கவிட்டு வயல் ரோட்டால் வந்தால், வழி காட்டுகிறோம், இளநி வெட்டிக் கொடுக்கிறோம், சேர்ந்து நின்று படமும் எடுத்துக்கொள்கிறோம். அதே ரோட்டால் எங்கட பொடியன்மார் நாலு பேர் போனால், "வேல வெட்டி இல்லாம சுத்துறானுகள்" என்கிறோம். பெண் பிள்ளைகள் போனால் அந்தப் பேச்சும் இல்லை, நேரே விசாரணைதான்: "ஆர்ர புள்ள இது? இந்தப் பக்கம் என்ன வேல?"

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். காரணம் இல்லாமல், அவசரம் இல்லாமல், சொந்த மண்ணில் சைக்கிளில் போய்வருவது எங்கட உரிமை. அதை ஆடம்பரம் என்றோ ஊதாரித்தனம் என்றோ சொல்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் இடத்தைப் பாருங்கள். செங்கலடிச் சந்தியில் திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் சந்திக்கின்றன. பதுளை வீதியால் மேற்கே கிறுகினால் கொஞ்சத் தூரத்தில் கறுத்தப் பாலம். அதைத் தாண்டினால் படுவான்கரை. பங்குடாவெளி, இலுப்படிச்சேனை, கரடியனாறு என்று போகும்வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கியர் சைக்கிள் வேண்டாம், அப்பாவின் பழைய லுமாலா போதும். உறுகாமம், உன்னிச்சைக் குளங்களின் தண்ணி வாய்க்காலாய்ப் பிரிந்து வட்டைகளுக்குள் போகிறது. வாய்க்கால் கட்டில் கிறவல் ரோட்டு, அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பெரும்போக வெள்ளாமை கதிர் தள்ளும் தை மாதத்தில் அந்தப் பச்சையைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. தண்ணி தேங்கிய பள்ளங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும். எருமை சேற்றுக்குள் கிடக்கும். வாவிப் பக்கம் போனால் கண்டல் வேர்களுக்கு இடையில் தோணி கட்டியிருக்கும். தெற்கே நீண்டு கல்முனைப் பக்கம் வரை போகும் சுமார் 56 கிலோமீற்றர் வாவி இது. இன்னும் தெற்கே போக நினைத்தால், குருமண்வெளியில் சைக்கிளோடு பாதையில் ஏறி மண்டூரில் இறங்கலாம்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று எதிரே நின்று தள்ளும். மேற்கே போகும்போது நாக்குத் தள்ளும், திரும்பி வரும்போது மிதிக்காமலே வரலாம். மாரியில் கதை வேறு. முந்தனையாறு பெருகினால் கிரானில் வெள்ளம் பாலத்துக்கு மேலால் பாயும், ஆக்கள் படகில்தான் போய்வர வேண்டும். எந்த ரோட்டு எந்த மாதம் தண்ணிக்குள் போகும், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணி வரும் என்பதெல்லாம் மெதுவாகப் போகிறவனுக்குத்தான் தெரியவரும். மோட்டார் சைக்கிளில் அறுபதில் போகிறவனுக்கு இது இரண்டு பக்கமும் பச்சை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் நாங்கள் போவதில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்ப முடியாது. வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

அதே கறுத்தப் பாலம் போர்க் காலத்தில் ஒரு எல்லை. இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் இயக்கம். சைக்கிளை உருட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்ற ஆக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி: எங்க போறாய்? ஏன் போறாய்? "சும்மா" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. சும்மா போகிறவன் சந்தேகத்துக்குரியவன். காரணம் சொல்லத் தெரியாதவன் வீடு திரும்பாமல் போன காலம் அது. அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் "சும்மா சுத்தாத" என்று சொன்னதில் பிழையே இல்லை. அது பிள்ளையை உயிரோடு வைத்திருக்கச் சொன்ன சொல்.

ஆனால் கிழக்கில் சண்டை முடிந்தது 2007இல். அந்த ஆண்டு பிறந்தவர்கள் ஏ.எல். எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பாலத்தடிச் சாவடி போய்விட்டது, கேள்வி மட்டும் வீட்டு வாசலில் நிற்கிறது. ரியூசனுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். வாய்க்கால் கட்டில் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வர மட்டும் முடியாது. காரணம் சொல்லாமல் நடமாட முடியாத இடத்தில் சமாதானம் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது எதிரி கௌரவம். சைக்கிள் இல்லாதவனின் வண்டி என்ற எண்ணம். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்து, மாதாமாதம் கட்டுப்பணத்துக்கு ஓடித் திரிகிறவனுக்கு மதிப்பு, கடனில்லாத சைக்கிள்காரனுக்கு இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாய்க் கிடந்தபோது இந்த எண்ணம் கொஞ்சம் ஆடியது. கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள் எல்லாம் வெளியே வந்தது. ஆசிரியர்மார், வங்கி ஆக்கள், எல்லாரும் மிதித்தார்கள். ஒட்டுப்போடும் கடைகளில் நிற்க இடமில்லை. மறுகா கியூ.ஆர். கோட் வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பக் கோடிக்குள் போனது. நெருக்கடி வந்தால்தான் சைக்கிள் என்றால் நாங்கள் ஒன்றும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்தாறுமூலை ரோட்டைப் பாருங்கள், வெள்ளைச் சட்டையோடு எத்தனை பிள்ளைகள் மிதித்துப் போகிறார்கள். ஓடத் தெரியாது என்பதல்ல பிரச்சினை. பள்ளிக்கூடம் முடிந்த நாளோடு சைக்கிளும் தம்பிக்குப் போய்விடுகிறது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. கூலி வேலை செய்த பெண்கள், கல்லுடைத்த பெண்கள் எல்லாம் பல்லாயிரக் கணக்கில் பழகினார்கள். அங்கும் ஊர் முதலில் கேலிதான் பேசியது. பிறகு பழகிக்கொண்டது. எங்கட ஊரும் பழகிக்கொள்ளும், பிள்ளைகள் ரோட்டில் நின்றால்.

"படுவான்கரைப் பிள்ளைகள் பஸ் இல்லாமல் மைல் கணக்கில் மிதித்துப் பள்ளிக்கூடம் போகுதுகள், உங்களுக்கு உல்லாசமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பஸ் விடச் சொல்லி நாங்களும் கேட்கிறோம். ஆனால் மீனும் விறகும் நெல்லும் ஏற்றிய ஆக்களுக்குச் சைக்கிளில் வேலை மட்டும்தான் விதி, உல்லாசம் வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு என்று யார் பிரித்தது? வாவியைக் காட்டிக் காசு பார்க்கும் சுற்றுலாத் திட்டங்களில் எங்கட பிள்ளைகள் தேத்தண்ணி கொடுக்கவும் கட்டில் விரிக்கவும்தான் வருகிறார்கள். பார்க்கிறவர்களாய் வருவதில்லை.

பார்ப்பது சின்ன விசயம் இல்லை. 2023 செப்ரெம்பரில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். நாங்கள் எல்லாரும் போனில் பகிர்ந்தோம். மேய்ச்சல் தரை எந்தத் திக்கில் இருக்கிறது, மாடுகள் எந்த வழியால் போகின்றன என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நேற்றுப் போன பாதையில் இன்றைக்கு வேலி நிற்கிறது, ஆற்றங்கரையில் மண் தோண்டிய குழி இன்னும் ஆழமாகிவிட்டது என்று கண்டுபிடிக்கிறவன் அடிக்கடி அந்த வழியால் போகிறவன்தான். போகாத நிலத்தை யாரும் காப்பாற்றியதில்லை.

ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. மண் ஏற்றும் டிப்பர்கள் ஒன்றின் பின் ஒன்றாய் வரும், காபட் வீதியில் ஒதுங்க இடமில்லை. கரடியனாறு, புல்லுமலைப் பக்கம் யானை உண்டு, பொழுதுபடமுன் திரும்ப வேண்டும். ஆனால் டிப்பருக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைப்பதுதான் தீர்வா? 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் நாட்டை, வாய்க்காலும் சைக்கிளுமாய், எல்லாரும் இன்றைக்குப் புகழ்கிறார்கள். அது சும்மா வந்ததில்லை. 1970களில் வாகனங்கள் பிள்ளைகளை அடித்துக் கொன்றபோது, பெற்றோர் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். அரசு இறங்கி வந்தது.

நாங்கள் கேட்பது அதைவிடக் குறைவு. பதுளை வீதியில் சைக்கிளுக்கு ஒரு ஓரம் விடுங்கள். பள்ளிக்கூட நேரத்தில் டிப்பரை நிறுத்துங்கள். வாய்க்கால் கட்டுகளை வேலி போட்டு மறிக்க விடாதீர்கள். ரோட்டோரம் மருதோ வேம்போ நடுங்கள். இது பிரதேச சபைக்கும் வீதி அதிகாரிகளுக்கும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. பிள்ளை சைக்கிளை எடுத்தால், எங்க போறாய் எண்டு கேளுங்க. எப்ப வருவாய் எண்டும் கேளுங்க. ஏன் போறாய் எண்டு மட்டும் கேக்காதீங்க.