ஆஸ்பத்திரியில ஆரோ, பொலிஸில தகப்பன்

போன வருசம் ஒருநாள் பின்னேரம், எங்கட ஒழுங்கையில் இருக்கிற பெடியன் ஒருவன் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டான். வயது 16. அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவன்ர சித்தப்பா. சித்தப்பா என்றால் தகப்பனின் தம்பி இல்லை. தாய் இரண்டாவதாகக் கலியாணம் கட்டியவர். துணைக்கு நானும் போனேன்.

முழங்கையில் சத்திரசிகிச்சை செய்யவேணும், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் வைக்கவேணும் என்றார்கள்.

"நீங்கள் தகப்பனோ?"

"இல்லை. தாயைக் கட்டியிருக்கிறன்."

"அப்ப தாயைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தாய் குவைத்தில் வீட்டு வேலையில். இரவு பத்து மணிக்குத்தான் போன் எடுபட்டது. அதுவரைக்கும் அந்த மனுசன் வாங்கில் தலையைக் குனிந்தபடி இருந்தார். உயிருக்கு ஆபத்தென்றால் வைத்தியர்கள் கையொப்பத்துக்காகக் காத்திருந்திருக்க மாட்டார்கள். கை முறிவுதானே, காத்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, மட்ச் முடிந்து நடந்த ஒரு அடிபாட்டில் அதே பெடியன்ர பெயரும் அடிபட்டது. பொலிஸ் நேரே சித்தப்பாவைக் கூப்பிட்டது. "உங்கட வீட்டில இருக்கிறவன்தானே? பொறுப்பா வளர்க்கத் தெரியாதோ?" இந்த முறை யாரும் அவரிடம் தகப்பனோ என்று கேட்கவில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். இலங்கையில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பராயமடையாதவர். அவருடைய தாயைத் திருமணம் செய்தவர், அந்தத் திருமணத்தால் மட்டும் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். பதிவுத் திருமணமே இல்லையென்றால் இன்னும் மோசம். முதல் கணவர் காணாமல் ஆக்கப்பட்டு, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாமல் இருக்கிற பெண்கள் வடக்கு, கிழக்கில் எத்தனையோ பேர். அவர்கள் இன்னொருவரோடு வாழத் தொடங்கினாலும் அதைப் பதிவு செய்ய வழியில்லை.

பிள்ளையின் செலவுக்குச் சட்டம் பொறுப்பாக்குவது பெற்றோரைத்தான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, விட்டுவிட்டுப் போன தகப்பனிடம் இன்றைக்கும் நீதவான் நீதிமன்றத்தில் பராமரிப்புக் கேட்கலாம். தாய் வேறொருவரைக் கட்டிவிட்டாள் என்பதற்காகப் பிள்ளையின்ர உரிமை அழிந்துபோகாது.

ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு வேறு மாதிரி. 1995இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு பெற்றோரை மட்டும் குறிப்பதில்லை. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பில், பராமரிப்பில் வைத்திருக்கிற எவரும் அவரை அடித்தாலோ, கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் கைவிட்டாலோ 2 தொடக்கம் 10 வருடம் வரை சிறை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் அந்த நேரத்தில் பிள்ளையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரைப் பாதுகாவலராகக் கணிக்க இடம் தருகிறது. ஆகவே பொலிஸ் அவரைக் கூப்பிட்டதில் பிழையில்லை. பெடியன் அடித்ததற்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது, அவ்வளவுதான். 16 வயதுக்காரன் செய்ததற்கு அவனேதான் பொறுப்பு.

என்னுடைய குறை இதுதான். கடமை என்று வரும்போது சட்டத்துக்கு இந்த மனுசனைத் தெரிகிறது. கையொப்பம் என்று வரும்போது தெரியவில்லை.

எங்கட பழைய தேசவழமைக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் பதிந்தபோதே, விதவைத் தாய் மறுமணம் செய்தால் பிள்ளைகளைக் கிட்டடி உறவுகள் பொறுப்பெடுக்கும் வழக்கமும், தகப்பன் வழிச் சொத்து பிள்ளையோடு போகும் வழக்கமும் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது புத்திதான். இன்றைக்கு அந்த அம்மம்மா எங்கே? யுத்தத்தில் போயிருப்பா, இல்லையென்றால் மருந்துக்கே மற்றவரை நம்பியிருப்பா.

"அப்ப சுவீகாரம் எடுக்கலாம்தானே?" என்று கேட்பீர்கள். சுவீகாரம் பெற்ற தகப்பனோடு இருக்கிற சட்ட உறவை மாற்றிவிடும். இதைப் பெடியனிடமே கேட்டேன். "அப்பாட பேரை மாத்த விருப்பமில்லை. சித்தப்பா சைன் வைக்க ஏலுமெண்டா எனக்குக் காணும்" என்றான். மாவட்ட நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். கூலி வேலை செய்கிறவர் சட்டத்தரணிக்கு எங்கே போவார்?

எனக்குப் படுவது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேணும். தாயும், முடிந்தால் தகப்பனும் சம்மதித்து, பிள்ளையின் விருப்பத்தையும் தனியாகக் கேட்டு, பிரதேச செயலகத்தில் பதிகிற ஒரு பத்திரம். பள்ளிக்கூடம், வைத்தியம் போன்ற அன்றாட விடயங்களுக்கு மட்டும். பிள்ளையோ தாயோ வேண்டாம் என்றால் ரத்தாக வேணும். இது நடக்காத கதை இல்லை. இங்கிலாந்தில் பெற்றோரின் சம்மதத்தோடு மாற்றுப் பெற்றோர் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் பின்னர் வழி சேர்த்தார்கள். பிள்ளையின் கருத்தைக் கேட்கவேணும் என்கிற சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது.

இதைக் கேட்டதும் என் தோழி ஒருத்தி கோபப்பட்டாள். "வீட்டுக்குள்ள வாற ஆம்பிளைக்கு இன்னும் அதிகாரம் குடுக்கச் சொல்றியோ?" அவளின் பயம் நியாயமானது. பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது எங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அதே வீட்டில் இருக்கிறவருக்கு அதிகாரம் இப்போதும் இருக்கிறது, பதிவில் மட்டும் அவர் இல்லை. பதிந்தால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், பிள்ளையோடு தனியாகக் கதைக்கலாம். அந்தப் பரிசோதனை இல்லாத பத்திரம் எனக்கும் வேண்டாம்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தாய் வெளிநாடு போக முதல், யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறேன் என்று கடிதம் எழுதி, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வையுங்கோ. அது பாதுகாவலர் பத்திரம் ஆகாது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல். ஒரு பிரதியை வகுப்பாசிரியரிடமும் இன்னொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுங்கோ. வீட்டில் இருக்கிறவரால் ஆபத்தென்றால் தயங்காமல் 1929க்கு அழையுங்கோ. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாற்றுத் தகப்பனுக்கு எதிராகவும் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம்.

பெடியன்ர கை சுகமாகிவிட்டது. இப்ப ஏ.எல். படிக்கிறான். ஒவ்வொரு நாளும் ரியூசன் விட்டு வரும்போது சித்தப்பா சந்தியில் சைக்கிளோடு நிற்கிறார். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் "நீங்கள் யார்?" என்று கேட்டால், அவர் எடுத்துக் காட்ட ஒரு கடதாசி இருக்கவேணும்.