பட்டியலில் இடம் இல்லாத குடும்ப மருத்துவர்

ஒரு வீட்டின் பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுவானவர் குடும்ப மருத்துவர். காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதோடு அவர் வேலை முடிவதில்லை. தந்தைக்கு நாற்பது வயதில் சர்க்கரை வந்ததை நினைவில் வைத்து, மகனுக்கு முப்பது ஆனதுமே ரத்தம் பார்க்கச் சொல்வதும், குழந்தைக்குத் தவறிப்போன தடுப்பூசியைக் கேட்டுப் போடுவதும், எதைத் தாமே பார்க்கலாம், எதைத் தாமதிக்காமல் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவதும் அவர் கடமை. அப்படி ஒருவரைத் தேடுபவர் கவனிக்க வேண்டியவை: எளிதில் போய்வரும் தொலைவு, நோயாளியைப் பேசவிடும் பொறுமை, பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம், தேவையில்லாத ஊசியையும் ஸ்கேனையும் மறுக்கும் துணிவு.

பட்டுக்கோட்டையில் தேர்வு இப்படி நடப்பதில்லை. கைராசிக்காரர் என்று பக்கத்து வீட்டார் சொன்னவரிடம் ஒருமுறை, மருந்துக்கடைக்காரர் கைகாட்டியவரிடம் ஒருமுறை, இரவில் விளக்கு எரியும் மருத்துவமனையில் ஒருமுறை என்று குடும்பங்கள் அலைகின்றன. மக்களைக் குறை சொல்ல இடமில்லை. குடும்ப மருத்துவத்தை ஒரு துறையாகப் படித்துத் தேறியவர்கள் அரிதாக இருக்கும்போது, கைராசியைத் தவிர வேறு அளவுகோல் ஏது?

அந்த அரிதான நிலையை நிலைக்கச் செய்ததுதான் 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த முடிவு. எம்.பி.பி.எஸ். நடத்தும் கல்லூரியில் கட்டாயம் இருக்க வேண்டிய துறைகள் எவை என்று அப்போது பட்டியல் போட்டார்கள். உடற்கூறியல் முதல் பல் மருத்துவம் வரை அதில் இடம்பெற்றன. குடும்ப மருத்துவம் இடம்பெறவில்லை.

இது மறதியால் நேர்ந்ததாக இருக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே குடும்ப மருத்துவத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆரம்ப சுகாதாரம், சமூக மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றின் தேவைக்கேற்ற இளநிலைப் பாடத்திட்டம் வகுக்க வேண்டும், குடும்ப மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புகளை வளர்க்க வேண்டும் என்பவை சட்டம் சுமத்திய பொறுப்புகள். 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இத்துறையில் கூடுதல் மருத்துவர்கள் வேண்டும் என்றது; 2017-ஆம் ஆண்டின் கொள்கை அதே படிப்பைப் பரவலாக்கச் சொன்னது. நாடாளுமன்றம் எழுதியதை, அதே சட்டத்தால் அதிகாரம் பெற்றவர்கள் ஓரம்கட்டியிருக்கிறார்கள்.

இதன் விளைவு வகுப்பறையில் தொடங்குகிறது. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி முழுவதும் மாணவர் பார்ப்பது சிறப்பு மருத்துவர்களையும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளையும்தான். இவரைப் போல ஆக வேண்டும் என்று நினைக்கவைக்கும் ஒரு குடும்ப மருத்துவ ஆசிரியரைப் பெரும்பாலான கல்லூரிகளில் அவர் சந்திப்பதே இல்லை. சமூக மருத்துவத் துறை இருக்கிறதே, மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கிறார்களே என்று பதில் வரலாம். சமூக மருத்துவம் ஊரின் நோயைக் கணக்கெடுப்பது; குடும்ப மருத்துவம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை ஆண்டுக்கணக்கில் பார்ப்பது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

விளைவின் மறுமுனை மதுக்கூர்ப் பக்கமிருந்து காலைப் பேருந்தில் வரும் மூதாட்டியின் மஞ்சள் பையில் இருக்கிறது. அதில் மூன்று மருத்துவர்களின் சீட்டுகள். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு அட்டைகள். பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒரே அம்லோடிபின். இரண்டையும் விழுங்கிக் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நான்காவது மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். பையைக் கவிழ்த்துப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் ஒரு மாத்திரையை நிறுத்துவதோடு முடிந்திருக்கும். தென்னந்தோப்பில் வேலை செய்யும் சர்க்கரை நோயாளியின் கதையும் இதுதான். உணர்ச்சி மரத்த பாதத்தில் முள் ஏறியதே தெரியாமல் புண் புரையோடுகிறது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடம் யாருடைய பொறுப்பிலும் இல்லாததால், விரலை எடுக்கும் அறுவைக்கு ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது.

இத்தகைய அவசர முடிவுகள் ஆணையத்தின் மேசையிலிருந்து வருவது புதிதல்ல. அதே 2023 ஆகஸ்டில், பத்து லட்சம் பேருக்கு 100 இடங்களுக்கு மேல் புதிதாக எம்.பி.பி.எஸ். இடம் இல்லை என்றார்கள். அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டியிருந்த தமிழ்நாடு கொதித்தது. நவம்பரில் விதியைத் தள்ளிவைத்தார்கள். அதே ஆகஸ்ட் 2-ஆம் தேதி மருத்துவர் நடத்தை விதிகளை அறிவித்து, 23-ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள். இறுதியாண்டுக்கு நெக்ஸ்ட் தேர்வு என்று மாணவர்களைப் பதறவைத்து, பிறகு ஒத்திவைத்தார்கள். 2024 ஆகஸ்ட் 31-இல் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டுதலை, மாற்றுத்திறனாளிகளும் பால்சிறுபான்மையினரும் எதிர்த்ததால் செப்டம்பர் 5-இல் திரும்பப் பெற்றார்கள். கூச்சல் எழுந்தபோதெல்லாம் பின்வாங்கியவர்கள், குடும்ப மருத்துவம் விடுபட்டதற்கு மட்டும் அசையவில்லை. மஞ்சள் பையோடு பேருந்து ஏறும் மூதாட்டிக்குக் கூச்சல் போடத் தெரியாது என்பதுதான் காரணமா? அவருக்குச் செவிசாய்க்காத விதி யாருக்காக எழுதப்பட்டது?

குடும்ப மருத்துவம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று இனியும் சொல்ல முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்குத் துறை இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி அதில் எம்.டி. நடத்துகிறது. பிரிட்டனில் 1948 முதல் மக்கள் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்கிறார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உட்பட எல்லாக் கல்லூரிகளிலும் இத்துறைக்கு உரிய மதிப்பு கிடைக்க வேண்டும். சட்டம் சொன்னதைச் சட்டம் சொன்னபடியே செய்ய வேண்டும். நல்ல குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி, தேர்ந்தெடுக்க ஆளை உருவாக்கிய பிறகே விதி வகுப்போருக்கு வரும்.