நெருப்பு நரிக்கு நாம் பட்ட கடன்

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதி. மன்னார் நகரில் நான்கு கணினிகளுடன் இயங்கிய சிறிய இணைய நிலையம் ஒன்றில், கொழும்புக்குச் செய்தி அனுப்புவதற்காக அமர்ந்திருந்தேன். அடுத்த இருக்கையில் பேசாலையிலிருந்து வந்திருந்த ஒரு தாய். 2006 ஜூன் 17 அன்று பேசாலை வெற்றி அன்னை ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் தாக்கப்பட்ட பின்னர், படகேறி இராமேசுவரம் போனவர்களுள் அவருடைய மகனும் ஒருவன். மண்டபம் முகாமிலிருந்து அவன் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, எதுவும் விளங்காமல் திரையைப் பார்த்தபடி இருந்தார். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். கடைப் பையன், "வைரஸ் போல இருக்குது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அது வைரஸ் அன்று. பையன் ஊரில் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தான். அந்தக் கணினியில் பாமினி இல்லை. முதற்சொல் எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்று நின்றது. பத்திரிகை அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகப் பாமினியில் தட்டச்சுச் செய்த விரல்கள் என்னுடையவை. பாமினியில் எம் என்றால் அகரம். கே என்றால் மகரம். அரைப்புள்ளி மெய்யின் புள்ளி. எச் என்பது அரவு. அம்மா!

"தம்பி, என்ன எழுதியிருக்கிறான்? வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் அந்தத் தாய். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். காய்ச்சல் மாறிவிட்டதாம். தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்த வேண்டாமாம். வேறு சிலவும் இருந்தன. அவற்றை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அக்காலத்து மன்னார் நகரை அறிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். ஒரு மகன் தாய்க்கு எழுதிய கடிதத்தை, முன்பின் தெரியாத ஒரு பத்திரிகைக்காரன் நாலுபேர் இருக்கும் இடத்தில் வாய்விட்டு வாசித்தான். அந்தக் கூச்சம் இன்றும் எனக்குண்டு.

புதிய உலாவி ஒன்று வெளியாகும் போதெல்லாம் அதன் சிறப்புகளைப் பட்டியலிட்டு எழுதுவார்கள். வேகம் கூடியிருக்கிறது, பாதுகாப்புக் கூடியிருக்கிறது, தோற்றம் அழகாகியிருக்கிறது என்பார்கள். எல்லாம் நல்லவையே. ஆனால், என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பேசாலைத் தாய் தன் கடிதத்தை வேறொருவர் துணையின்றித் தானே வாசிக்க முடிகிறதா? முடிந்தால் அது முன்னேற்றம். மற்றவை அதற்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தமிழருக்கு உலாவிகளில் கிடைத்த பெரும் முன்னேற்றங்கள் எவையும் தாமாக வந்து சேரவில்லை என்பது தெரியும். யாரோ சிலர் கண்விழித்து வேலை செய்திருக்கிறார்கள்.

யூனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. எனினும் அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக, ஒவ்வோர் இணையத்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. செய்தி வாசிக்க முன்னர் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டும். அந்தத் தொல்லையைப் போக்க இயங்கு எழுத்துரு என்ற வழி வந்தது. எழுத்துரு தானாகவே வந்து இறங்கும். ஆனால், அது மைக்ரோசொப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. மன்னாருக்கு நேரே பாக்கு நீரிணைக்கு அப்பால், அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி, தேனீ என்ற இயங்கு எழுத்துருவை ஆக்கி இலவசமாகக் கொடுத்தார். 2006இல் அவர் மறைந்தார். புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணன் ஆக்கிய எழுத்துரு மாற்றியில், பாமினியில் உள்ளதை ஒட்டினால் யூனிகோடில் தரும். அன்று அந்த இணைய நிலையத்தில் எனக்கு அது நினைவுக்கு வந்திருந்தால், வாய்விட்டு வாசித்திருக்க மாட்டேன்.

யூனிகோடு பரவிய பிறகும் சிக்கல் தீரவில்லை. வின்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால், சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டும். அதற்கு வின்டோஸ் குறுந்தட்டு வேண்டும். எங்கள் பகுதி இணைய நிலையங்களில் அந்தக் குறுந்தட்டை நான் கண்டதில்லை. நிறுவாவிட்டால், "கொ" என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

பயர்பொக்ஸ் உலாவியை நாங்கள் நெருப்பு நரி என்று அன்போடு அழைத்தோம். அதிலும் ஒரு கோளாறு இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குப் பத்தியின் இரு ஓரங்களும் நேராக நிற்க வேண்டும். அது எங்கள் தொழிற்பழக்கம். இணையத்திலும் அப்படியே அமைத்தோம். பயர்பொக்ஸின் தொடக்ககால வெளியீடுகளில், அப்படி இரு ஓரமும் சீராக்கப்பட்ட தமிழ்ப் பத்திகள் துண்டு துண்டாக உடைந்து தெரிந்தன. வரியை ஓரம் வரை இழுக்க முற்பட்ட நிரல், ஒட்டியிருக்க வேண்டிய கொம்பையும் அரவையும் எழுத்திலிருந்து பிய்த்துவிட்டது. "உங்கள் பக்கம் நெருப்பு நரியில் உடைகிறது" என்று எத்தனை பேர் எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்கள்! சலிக்காமல் வழுவறிக்கை அனுப்பியவர்களும், நிரலைத் திருத்தியவர்களும் இருந்தார்கள். 2008 ஜூன் 17 அன்று வெளியான மூன்றாவது பதிப்பில் அந்தக் கோளாறு நீங்கியது.

அந்த நாளை உலகம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட தரவிறக்கங்களுடன் பயர்பொக்ஸ் 3 கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. பேசாலைக்கு அதே ஜூன் 17 ஒரு துயர நாளின் இரண்டாம் ஆண்டு நினைவு. இரண்டையும் ஒப்பிட நான் முனையவில்லை. என் மனத்தில் இரண்டும் ஒரே திகதியில் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

பயர்பொக்ஸ் வளர்ந்த விதத்தை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2004 நவம்பர் 9 அன்று முதற்பதிப்பு வந்தது. அடுத்த மாதமே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. அதற்குப் பணம் கொடுத்த ஏறத்தாழ 10,000 சாதாரண மக்களின் பெயர்கள் அதில் பொடியெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. 2001இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6க்கும் 2006இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 7க்கும் இடையில் ஐந்தாண்டுகள் ஓடிவிட்டதை நினைத்துப் பாருங்கள். சந்தை முழுவதும் கையில் இருந்ததால் அவசரம் எதுவும் இருக்கவில்லை. போட்டி வந்த பின்னரே அந்த நிறுவனம் அசைந்தது.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. எ-கலப்பையைத் தந்த முகுந்தராஜும் அவருடைய தமிழா குழுவினரும் பயர்பொக்ஸைத் தமிழாக்க உழைத்தார்கள். உலாவிக்குள்ளேயே தமிழில் தட்டச்சுச் செய்ய நீட்சி வந்தது. பழைய எழுத்துருப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்ட, பத்மா என்ற நீட்சியும் வந்தது. 2010இல் வெளியான 3.6ஆம் பதிப்பின் காலத்தில், தரவிறக்கப் பட்டியலில் தமிழ் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வெறும் தமிழ். மற்றது தமிழ் (இலங்கை).

இரண்டு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் பதிவிறக்கம் என்பதை நாங்கள் தரவிறக்கம் என்போம். அவர்கள் கணினி என்று எழுத, எங்களில் பலர் கணனி என்று எழுதுவார்கள். இதற்காகத் தனி உலாவி வேண்டுமா? என் கருத்தில் தேவையில்லை. இருபுறத்தாரும் கூடிப் பேசி ஒரே தமிழை இரு கரைக்கும் விளங்கும்படி ஆக்கியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. சில ஆண்டுகளில் இலங்கைத் தமிழ் அந்தப் பட்டியலிலிருந்து காணாமற் போனது. அது போனதை நானே நெடுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

குறை என்னிடமும் உண்டு. தமிழ் பயர்பொக்ஸில் ஒரு பக்கத்தைக் குறிக்கக் "கீற்று" என்று எழுதியிருந்தார்கள். தென்னோலைக் கீற்றைக் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டார்களே என்று நண்பர்களிடம் கேலி பேசினேன். பின்னர் கூகிளின் குரோமில் அதையே "தாவல்" என்றார்கள். தாவல் என்றால் எங்களுக்குப் பாய்தல்தான். கீற்றே மேல் என்று அப்போது தோன்றியது. கேலி பேசிய நான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தி அனுப்பவில்லை. ஊதியமின்றி இரவில் அமர்ந்து ஆயிரக்கணக்கான சொற்றொடர்களைத் தமிழாக்கிய பிள்ளைகளை, சொல் விற்றுப் பிழைக்கும் நான் ஏளனம் செய்தேன். பத்திரிகைத் துறையினர் பலரும் இதைத்தான் செய்தோம்.

இன்று நிலைமை என்ன? மன்னார்த் தீவில் 2010இல் புதிய பாலம் திறந்தார்கள். 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது. கைத்தொலைபேசி இல்லாத வாடி இல்லை. தமிழ் எந்த உலாவியிலும் உடையாமல் தெரிகிறது. பிறகென்ன கவலை என்று கேட்கலாம்.

கவலை இதுதான். எட்ஜ் 2020 முதல் கூகிளின் குரோமியம் என்ற அடித்தளத்தில் ஓடுகிறது. ஒபரா 2013இலேயே அதற்கு மாறிவிட்டது. பெயர்கள் பல, உள்ளே இயந்திரம் ஒன்று. அப்பிள் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. இவற்றுக்கு வெளியே பெரிதாக மிஞ்சியிருப்பது நெருப்பு நரி மட்டுமே. அதை ஆக்கும் மொஸில்லாவின் வருவாயில் பெரும்பங்கு கூகிளின் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. 2020 ஓகஸ்ட்டில் அந்த நிறுவனம் ஏறத்தாழ 250 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. எக்ஸ்ப்ளோரர் காலத்தில் ஐந்தாண்டுகள் காத்திருந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. தனியொரு நிறுவனத்தின் விருப்பத்தில் எழுத்து தொங்கும்போது, சிறிய மொழிகள்தாம் கடைசி வரிசையில் நிற்கும். 2023இல் பயர்பொக்ஸ் 118இல், பக்கத்தை உங்கள் கணினியிலேயே மொழிபெயர்க்கும் வசதி வந்தது. தொடங்கும்போது அதில் இருந்தவை ஐரோப்பிய மொழிகள்தாம்.

மொஸில்லாவையும் நான் முழுமையாகப் புகழமாட்டேன். 2025இல் அதன் உதவிப் பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பால் நிரப்பத் தொடங்கினார்கள். நெடுங்காலம் உழைத்து வந்த ஜப்பானியத் தன்னார்வலர் அணியின் தலைவர், தங்கள் மொழிபெயர்ப்புகள் கேட்காமலே மாற்றப்படுகின்றன என்று சொல்லி நவம்பரில் விலகினார். இயந்திரம் வேகமாக மொழிபெயர்க்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், தரவிறக்கமா பதிவிறக்கமா என்று இரு கரையாரும் கூடிப் பேச வேண்டியதை அது தானே முடிவு செய்துவிடும். எங்களைக் கேட்காது. மக்களால் வளர்ந்த ஓர் உலாவி மக்களை ஒதுக்கினால், மற்றவற்றிலிருந்து அதற்கு என்ன வேறுபாடு?

ஆகையால் வாசக நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, உங்கள் உலாவியின் இடைமுகத்தை ஒரு வாரத்துக்காவது தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். சொற்கள் புதிதாகத் தெரியும். மாற்றினால்தான் எங்கே பிழை என்று தெரியும்.

இரண்டு, பிழை கண்டால் என்னைப்போல் கேலி பேசிவிட்டுப் போகாதீர்கள். மொஸில்லாவின் மொழியாக்கத் தளத்தில் யாரும் கணக்குத் தொடங்கிச் சொல்லைப் பரிந்துரைக்கலாம். அதன் பெயர் பொன்டூன். மிதவைப் பாலம் என்று பொருள். பாலத்தின் அருமை தீவில் பிறந்தவனுக்குத் தெரியும். கட்டினால் போதாது, பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

மூன்று, கொமன் வொய்ஸ் என்ற மொஸில்லாவின் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. குரலைப் பதிந்து கொடுத்தால், கணினிக்குப் பேச்சைப் பழக்க அது உதவும். பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, அரிப்பு என்று கரையோரம் எத்தனை விதமான தமிழ்! அவற்றை அங்கே கொண்டு சேர்ப்பதற்குப் பட்டமோ பணமோ தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியும் அரைமணி நேரமும் போதும்.

அந்தத் தாய் பின்னர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் என் கையில் கணினிக் கட்டணத்தின் பாதியைத் திணிக்கப் பார்த்தார். வாங்கவில்லை. எழும்பும்போது திரையைத் தொட்டு, "இதில அம்மா எண்டு எங்க தம்பி இருக்குது?" என்று கேட்டார். அந்த ஐந்து குறிகளைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய எழுத்துருவில் செய்த ஆவணங்களிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால், இன்றும் அதே எம், கே, அரைப்புள்ளி எனக்கு வந்து சேர்வதுண்டு. அப்போதெல்லாம் அவருடைய கேள்வியே முதலில் நினைவுக்கு வருகிறது.