காத்திருக்கச் சொல்லும் கனவான்களே!

கூட்டம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கழற்றிக் கொண்டிருந்தார்கள். கொடிக்கம்பத்தருகே நின்றிருந்த இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். வெள்ளைச் சட்டை, தேய்ந்த காலணி, தோளிலே ஒரு பை. பைக்குள்ளே மடித்து வைத்த கறுப்பு அங்கி!

"அண்ணே! நான் வழக்கறிஞர்" என்றான்.

"மகிழ்ச்சி தம்பி! எத்தனை நாளாக?"

"பதினான்கு மாதமாக."

"என்ன கிடைக்கிறது?"

சிரித்தான். அழுகையை மறைக்கச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு! "தீபாவளிக்கு சீனியர் ஐயாயிரம் தந்தார் அண்ணே. பேருந்துக்கு எப்போதாவது தருவார். அப்பா செங்கல் சூளையிலே கல் அறுக்கிறார். 'வக்கீலாகிவிட்டாயே, வீட்டுக்கு எப்போது பணம் தருவாய்?' என்று கேட்கிறார். வேறு வேலை தேடிப் போகவா, இன்னும் காத்திருக்கவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்!"

நான் சொல்வதாம்! கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடி வந்தவன் நான். நான் கண்ட நீதிமன்றங்களிலே பெரும்பாலானவை அட்டையால் செய்து, சாயம் பூசி, மேடையிலே நிறுத்தியவை. ஆனால் ஒன்று சொல்வேன். என் நாடகத்திலே வழக்கறிஞராக வேடம் கட்டியவருக்கு, இரவு திரை விழுந்ததும் கையிலே கூலி கொடுத்தோம். வேடக்காரனுக்குக் கூலி உண்டு. உண்மை வழக்கறிஞனுக்கு இல்லை!

அந்தத் தம்பிக்கு அறிவுரை கூற ஆள் இல்லாமல் இல்லை. வழக்கறிஞர் சங்கத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வெள்ளி முடியைத் தடவிக்கொண்டு, பெரியவர்கள் செப்புகிறார்கள்: "பொறு தம்பி பொறு! இது தொழிலல்ல, தவம்! முதல் பத்தாண்டு பட்டினி. அடுத்த பத்தாண்டு பகல் உணவு. அதன் பிறகு பார், பல்லக்கு!" கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கனவான்களே, ஒன்று கேட்கிறேன்: அந்தப் பத்தாண்டுகளிலே அவன் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

காத்திருத்தல் ஒரு குணமன்று. அது ஒரு செலவு. தந்தை வழக்கறிஞராக இருந்தால் அந்தச் செலவைத் தந்தை ஏற்கிறார். மாமனார் மிராசுதாரராக இருந்தால் மாமனார் ஏற்கிறார். கல் அறுப்பவர் மகனுக்கு யார் ஏற்பார்? பொறுமை இல்லாதவனா அவன்? வெயிலிலே பயிர் காயப் பார்த்து, மழைக்காகக் காத்திருந்த பரம்பரையிலே வந்தவனுக்கா பொறுமையைப் போதிக்கிறீர்கள்?

உடனே ஒரு பெரும் பெயரை எடுத்து வீசுவார்கள். "காந்தியார் காத்திருக்கவில்லையா?" என்பார்கள். ஆகா! அதையும்தான் பார்த்துவிடுவோமே! 1891இல் இலண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பியவர் காந்தியார். பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்திலே முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, நா எழவில்லை, உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு? பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். சம்பளம் 75 ரூபாய். 'பட்டதாரி அல்லர்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாரிஸ்டருக்குப் பள்ளிக்கூட வேலைகூட இல்லை! பம்பாயை விட்டு ராஜ்கோட்டுக்குப் போனார். அங்கே மனு எழுதியே மாதம் 300 ரூபாய் வரை ஈட்டினார். எப்படி? அவருடைய தமையனாரின் கூட்டாளி நிலைபெற்ற வழக்கறிஞர். வேலை அங்கிருந்து வந்தது. தம் திறமையைவிடச் செல்வாக்கே அதற்குக் காரணம் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றிலே ஒப்புக்கொள்கிறார். 1893இல், 105 பவுன் ஊதியம் பேசி, தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். நேர்மையாளர், உள்ளதை எழுதினார். அவர் பெயரைச் சொல்லிக் காத்திருக்கச் சொல்கிறவர்கள், அந்தத் தமையனாரைப் பற்றிய பக்கத்தை மட்டும் புரட்டுவதே இல்லை!

தமையனும் தந்தையும் தாங்காத ஒருவர் இதே தொழிலுக்கு வந்தாரே, அவர் கதை தெரியுமா? அண்ணல் அம்பேத்கர். கொலம்பியா, இலண்டன் எனக் கடல் கடந்து கற்றவர்; கிரேஸ் இன்னில் பாரிஸ்டரானவர்; 1923இல் பம்பாயிலே தொழில் தொடங்கினார். பதிவுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு நண்பர் நவல் பத்தேனாவின் உதவி வேண்டியிருந்தது. உயர்நீதிமன்ற வழக்குகளைக் கொண்டுவரும் சொலிசிட்டர்கள், தீண்டாமையைத் தோளிலே சுமந்துகொண்டு, அவரை அண்டவில்லை. 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்திலே வணிகச் சட்டம் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். நாளை நாட்டுக்கே சட்டம் வரைந்து தரப்போகும் கைக்கு அன்று கட்டணம் கட்டக் காசில்லை. அவர் வென்றார், மறுக்கவில்லை. அவரைப் போலவே வந்து, நண்பர் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை எந்தச் சங்கத்துச் சுவரிலே மாட்டியிருக்கிறார்கள்?

நுழைவாயிலிலேயே பணம் பறித்த கதையை இன்னும் கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 24ஆம் பிரிவு, பதிவுக் கட்டணம் 750 ரூபாய் என்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கு 125 ரூபாய். சட்டம் சொல்வது இது! சட்டம் படித்தவர்களின் மன்றங்கள் வாங்கியது என்ன? நூலக நிதி, நலநிதி, அடையாள அட்டை, சரிபார்ப்பு என்று பெயர் பெயராகச் சேர்த்து, மாநிலத்துக்கு மாநிலம் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை! சட்டத்தைக் காக்கும் படையிலே சேர வந்தவனிடம், சட்டத்தை மீறித்தான் முதல் ரசீது கிழித்தார்கள்! 2024 ஜூலை 30 அன்று உச்சநீதிமன்றம், சட்டம் சொன்ன தொகைக்கு மேல் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. வரவேற்றோம். ஆனால் அதே தீர்ப்பு, அதுவரை கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் கூறிற்று. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டியவன் அந்த வரியைப் படித்து என்ன நினைத்திருப்பான்?

சரி, உள்ளே வந்துவிட்டான். காலை எட்டரைக்கு சீனியர் வீட்டு வாசலிலே நிற்க வேண்டும். கட்டுகளைத் தூக்க வேண்டும். இந்த நீதிமன்றத்திலே வாய்தா, அந்த நீதிமன்றத்திலே 'பாஸ் ஓவர்', மூன்றாவது மாடியிலே நகல் மனு. மாலை மீண்டும் அலுவலகம். கட்சிக்காரர் சொல்வதை எழுத வேண்டும். பத்து மணிக்குக் கடைசிப் பேருந்து. அந்த அலுவலகத்திலே குமாஸ்தாவுக்குத் தொகை உண்டு; கட்சிக்காரரே தனியாகக் கொடுத்துவிடுவார். தட்டச்சு செய்பவருக்குப் பக்கத்துக்கு இத்தனை என்று உண்டு. தேநீர் கொண்டுவரும் பையனுக்குக்கூடக் கணக்கு உண்டு. கணக்கில்லாத ஒரே ஆள், பட்டம் பெற்றவன்! பெண்ணாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: "கல்யாணமானால் போய்விடுவாய், உனக்கு ஏன் வழக்கு?" என்ற கேள்வி. பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று சட்டம் வந்தது 1923இல். கேள்வி மட்டும் நூறாண்டு தாண்டியும் ஓயவில்லை.

"தொழில் கற்றுத் தருகிறோமே, அது போதாதா?" என்கிறார்கள் சிலர். கற்றுத் தருகிறீர்கள், வணங்குகிறேன். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள் தோழர்களே! வழக்கறிஞர்கள் சட்டம் பிறந்த அதே 1961இல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் செய்தது. தொழில் பழகுநர் சட்டம் என்று அதற்குப் பெயர். தொழிற்சாலையிலே கடைசல் இயந்திரத்தில் வேலை பழகும் பையனுக்கு, பழகும் காலத்திலேயே உதவித்தொகை தந்தாக வேண்டும் என்கிறது அது. ஒரே ஆண்டு, ஒரே மன்றம், இரண்டு சட்டங்கள்! இரும்பைப் பழகுபவனுக்குக் காசு உண்டு. சட்டத்தைப் பழகுபவனுக்கு ஒரு வரிகூட இல்லை. கடைசல் பையனின் உதவித்தொகை நின்றால், அவனுக்காக வாதாட வருபவன் யார் தெரியுமா? உதவித்தொகையே இல்லாத அந்த ஜூனியர்தான்!

நீதிமன்றம் பார்க்காமல் இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தர வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுமாறு வழக்கறிஞர் மன்றத்துக்குக் கூறிற்று. ஊதியமின்றி வேலை வாங்குவது சுரண்டல் என்றும் சொல்லிற்று. அந்த அக்டோபரில் இந்திய வழக்கறிஞர் மன்றமும் நகரத்துக்கு 20,000, கிராமத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. எப்படி? பரிந்துரையாக! கொடுத்தால் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால்? கேட்பவன் இல்லை. பதிவுக்குக் காசு வாங்கும்போது கட்டாயம். கூலி கொடுக்கும்போது பரிந்துரை!

அடுத்து இன்னொரு பூட்டு. சட்டம் படித்த ஏழைப் பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரிந்த நேரான வழி, தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாவது. அதற்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 1993இல் நிபந்தனை வைத்தது உச்சநீதிமன்றம். திறமையானவர்கள் வருவதில்லை என்று கண்டு 2002இல் அதை எடுத்தது. 2025 மே 20 அன்று மீண்டும் வைத்தது. அனுபவமில்லாத நீதிபதி கூடாது என்பதிலே நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை நான். ஆனால் அந்தத் தீர்ப்பின்படி அனுபவத்துக்குச் சான்று தருபவர் யார்? பத்தாண்டு நிறைந்த வழக்கறிஞர். மாவட்டத்து முதன்மை நீதித்துறை அதிகாரி அதை ஏற்க வேண்டும். இப்போது சொல்லுங்கள்: எந்தக் கையிலிருந்து சான்று வர வேண்டுமோ, அந்தக் கையை நோக்கி, "ஐயா, என் சம்பளம்?" என்று எவன் வாய் திறப்பான்? மூன்றாண்டு ஊதியமின்றி உயிர் வாழ முடிந்தவனே நாளைய நீதிபதி என்றால், குடிசையை இடிக்கும் வழக்கைக் கேட்க, குடிசையிலிருந்து ஒருவரும் வரமாட்டார்!

இதோடு ஒரு சிறு செய்தி. சென்னைச் சட்டக் கல்லூரி உயர்நீதிமன்ற வளாகத்திலேயே நூறாண்டுக்கு மேல் இருந்தது. 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். மாலையிலே நடந்துபோய் நல்ல வாதத்தைக் கேட்டுத் திரும்பிய மாணவன், இப்போது பேருந்து ஏறி வர வேண்டும். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு வாதம் வீட்டுக் கூடத்திலேயே கேட்கும்.

சிற்றூர் சீனியர்களின் நிலையையும் நானறிவேன். ஜீவனாம்ச வழக்கும், பாகப்பிரிவினை வழக்கும் நடத்தி, கட்சிக்காரர் தரும் பூசணிக்காயையும் வாங்கிக்கொள்ளும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் 15,000 தர இயலாது. அங்கே அரசு கைகொடுக்க வேண்டும். ஆந்திரத்திலே 2019இல் மாதம் 5,000 தரும் திட்டம் தொடங்கினார்கள். தமிழக அரசு 2020இல், இரண்டாண்டுகளுக்கு மாதம் 3,000 என்று அறிவித்தது. நாளொன்றுக்கு நூறு ரூபாய்! சூளையிலே கல் அறுக்கும் தந்தையிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். 'பொறு' என்று சொல்லவில்லை. 'ஓடு' என்றும் சொல்லவில்லை. "நீ தாக்கல் செய்த ஒவ்வொரு வக்காலத்தையும், வாதாடிய ஒவ்வொரு மனுவையும் நாளோடு குறித்து வை, அனுபவத்துக்கு நீயே வைத்திருக்கும் சாட்சி அது. இலவச சட்ட உதவிக்கான ஆணையங்கள் 2022 முதல் குற்ற வழக்குகளுக்கு முழுநேர வழக்கறிஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. உதவி வழக்கறிஞர் இடத்துக்குப் புதியவரும் மனுப் போடலாம். உன் மாவட்ட ஆணையத்தின் அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறை பார். சீனியரிடம் தனியாகக் கேட்காதே. நான்கு ஜூனியர்கள் சேர்ந்து, சுற்றறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்டதற்காக வெளியே அனுப்பினால் என்னிடம் வா" என்றேன்.

"அண்ணே, என் சீனியரும் நம் தோழர்தான்" என்றான் அவன்.

சுட்டது எனக்கு! மேடையிலே உழைப்புக்கு ஊதியம் என்று முழங்குகிறோம்; முதல் வரிசையிலே அமர்ந்து கைதட்டிய நம் வழக்கறிஞர் தோழர் வீட்டுத் திண்ணையிலே, ஊதியமில்லாமல் ஓர் உழைப்பாளி கட்டு தூக்கிக்கொண்டிருக்கிறான். தேர்தல் வழக்கா, போராட்ட வழக்கா, நம் தோழர்களைப் பிணையில் எடுக்க இரவெல்லாம் மனு எழுதுபவன் அவன்தான். அவனுக்கு நாம் தந்தது என்ன? ஒரு பொன்னாடை!

மறுநாளே எங்கள் மாவட்டத்திலே நம்மோடு நிற்கும் மூத்த வழக்கறிஞர்கள் பதினொருவரை நேரிலே கண்டேன். ஒரே கேள்வி கேட்டேன்: "உங்கள் ஜூனியருக்கு மாதம் எவ்வளவு?" மூவர் முன்பே தருகிறார்கள், தொகையையும் சொன்னார்கள். இருவர், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தருவதாக எழுதியே கொடுத்தார்கள். ஆறு பேர், "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள். அந்தத் தம்பியின் சீனியர் அந்த ஆறு பேரில் ஒருவர். அடுத்த ஞாயிறு அவர் ஊரிலேதான் எனக்குக் கூட்டம். தலைமை வகிப்பவர் அவர். மேடை ஏறுமுன் மறுபடி கேட்பதாக இருக்கிறேன்.