தோளில் கை போடுங்கள்!



நன்றாக விளையாடத் தெரிந்தால் மட்டும் போதுமா, நல்ல பயிற்சியாளர் ஆகிவிடலாமா? இங்கிலாந்து கால்பந்து வீரர் கேரத் சவுத்கேட்டின் கதையைக் கேளுங்கள்.

1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதின. ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்ததால், பெனால்டி மூலம் வெற்றியை முடிவு செய்தார்கள். இரு அணியிலும் முதல் ஐந்து பேர் கோல் போட்டுவிட்டனர். ஆறாவதாக வந்தார் 25 வயது சவுத்கேட். அவர் அடித்த பந்தை கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அடுத்து ஜெர்மனி கோல் போட, சொந்த மண்ணில் இங்கிலாந்து தோற்றது. 'பெனால்டியைக் கோட்டை விட்டவர்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

2006ல் அவர் மிடில்ஸ்பரோ அணியின் பயிற்சியாளர் ஆனார். 2009ல் அந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவருடைய வேலையும் போனது. ஆனாலும் துவண்டுவிடவில்லை. 2013ல் 21 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கும், 2016ல் இங்கிலாந்தின் முதன்மை அணிக்கும் பயிற்சியாளர் ஆனார்.

"பெனால்டி எல்லாம் அதிர்ஷ்டம்" என்று பலர் சொல்வார்கள். சவுத்கேட் அப்படி விட்டுவிடவில்லை. மைதானத்தின் நடுவிலிருந்து நடந்து வருவது, மூச்சை நிதானப்படுத்திக்கொள்வது, அவசரப்படாமல் அடிப்பது என எல்லாவற்றையும் பயிற்சி செய்ய வைத்தார். பலன் 2018ல் கிடைத்தது. உலகக் கோப்பையில் பெனால்டி மூலம் இங்கிலாந்து வென்றது அதுவே முதல் தடவை! அந்த மகிழ்ச்சியிலும், பெனால்டியைத் தவறவிட்ட கொலம்பியா வீரரை அணைத்து ஆறுதல் சொன்னார் சவுத்கேட். அந்த வலி அவருக்குத் தெரியும் அல்லவா?

2021ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்து வீரர்கள் மூவர் பெனால்டியைத் தவறவிட்டனர். கடைசியாக அடித்த புகாயோ சாகாவுக்கு வயது 19தான். சிலர் அந்த மூவரையும் தோல் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். சவுத்கேட் அதைக் கண்டித்தார். "யார் அடிப்பது என்று முடிவு செய்தவன் நான், பொறுப்பு என்னுடையது" என்ற பொருளில் பேசினார். அழுத சாகாவை அணைத்துக்கொண்டார்.

2024ல் அதே கோப்பையின் காலிறுதியில், சுவிட்சர்லாந்துடன் மறுபடியும் பெனால்டி. அதே சாகாவை நம்பி அனுப்பினார் சவுத்கேட். சாகா கோல் போட்டார்! ஐந்து பேருமே கோல் போட, இங்கிலாந்து வென்றது.

இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினிடம் தோற்றதும் சவுத்கேட் பதவி விலகினார். அவர் காலத்தில் கோப்பை வரவில்லை என்பது உண்மைதான். ஆனால், தவறியவருக்கு மறுபடியும் ஒரு வாய்ப்புத் தரும் பெரிய மனசு அவரிடம் இருந்தது.

குழந்தைகளே, உங்கள் அணியிலும் ஒருவன் கேட்சை விட்டிருப்பான். உங்கள் தோழி நாடக மேடையில் வசனத்தை மறந்திருப்பாள். "உன்னாலதான் தோத்தோம்" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்தச் சொல் மறக்க எத்தனை வருடம் ஆகுமோ! அதற்குப் பதிலாக, தோளில் கை போட்டு, "வா, நாளைக்கு சேர்ந்து பயிற்சி செய்யலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

செய்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்